சோறு இறங்காத நோய் குடும்ப வழியில் வருமா?

உணவுக்குழாய்ப் புற்றுநோயால் ஒருவர் இறந்த வீட்டில், முப்பத்தோராம் நாள் காரியம் முடிவதற்குள் பிள்ளைகள் மனதில் ஒரு கேள்வி எழுந்துவிடும்: "எங்களுக்கும் வருமோ?" வன்னியில் இதற்கு இரண்டு விடைகள் உலாவுகின்றன. ஒன்று, "பரம்பரை வருத்தம், தப்பேலாது." மற்றது, "கான்சர் தொத்திற வருத்தமில்லை, ஒண்டுக்கும் யோசிக்காதை." முதலாவது விடையைக் கேட்டவர் கிளினிக் போக மாட்டார். இரண்டாவதைக் கேட்டவரும் போக மாட்டார். இரண்டுமே ஆளைக் கொல்லக்கூடிய விடைகள்.

குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஆபத்து எந்த வழியால் வருகிறது என்று பிரித்துப் பார்த்தால், அதில் பெரிய பங்கு நம் கையால் குறைக்கக்கூடியது. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எந்தக் குழாய், எந்த நோய்

தொண்டையிலிருந்து இரைப்பைக்கு உணவைக் கொண்டுசெல்லும், ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான தசைக்குழாய்தான் உணவுக்குழாய். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் இதன் பெயர் களம். உட்புறத்தில் தட்டையான செதிள் கலங்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். இதில் வரும் புற்றுநோய் இரண்டு வகை. குடும்ப வரலாற்றை எடைபோட முன்னர் எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும், ஏனெனில் இரண்டும் வெவ்வேறு காரணங்களால் வருபவை.

1. செதிள் கலப் புற்றுநோய். பெரும்பாலும் குழாயின் மேல், நடுப் பகுதிகளில் வரும். வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, சிகரெட், மதுபானம் ஆகியவற்றோடு தொடர்புடையது. உலகில் வரும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மை இதுதான். இலங்கையிலும் அப்படியே.

2. சுரப்பிக் கலப் புற்றுநோய். இரைப்பையோடு சேரும் கீழ்ப் பகுதியில் வரும். பல ஆண்டு நெஞ்செரிவு, வயிற்றுப் பருமன், புகைத்தல் என்பன இதன் பின்னணி. இரைப்பை அமிலம் திரும்பத் திரும்ப மேலே வந்து சுட்டதால் செதிள் கலங்கள் மாறி, குடலின் உட்சுவர் போன்ற கலங்கள் வளர்ந்துவிடும். இந்த மாற்றத்துக்குப் பெயர் பரெற் உணவுக்குழாய். இது புற்றுநோய் அல்ல. பரெற் உள்ள 1000 பேரில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கே புற்றுநோயாக மாறுகிறது.

குடும்ப வழி என்றால் மூன்று வழி

"பரம்பரை" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு விடயங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, ஒரே ஒரு மரபணுவில் உள்ள வலுவான பிழை. இது மிக அரிது. நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ரைலோசிஸ்: உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடிக்கும் ஒரு நிலை. 1958 இல் லிவர்பூல் நகரக் குடும்பங்களில் இது விவரிக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களில் தோல் தடித்தவர்களுள் 95 வீதமானோருக்கு 65 வயதுக்குள் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் என்று கணக்கிட்டார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர அரைக்கு அரை வாய்ப்பு.

இதைப் படித்துவிட்டு வயலில் வெறுங்காலோடு நின்று தடித்துப்போன காலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மண்வெட்டி பிடித்த கையில் வரும் காய்ப்பும், பித்தவெடிப்பும் ரைலோசிஸ் அல்ல. ரைலோசிஸ் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள், கடும் வேலை தொடங்க முன்னரே, பாதத்தில் அழுத்தம் விழும் இடங்களில் ஆரம்பிக்கும். வாயின் உட்புறத்தில் வெண்திட்டுகளும் இருக்கலாம். தகப்பன், பிள்ளை, பேரப்பிள்ளை என்று தலைமுறை விடாமல் வரும். இந்த அடையாளங்களோடு உணவுக்குழாய்ப் புற்றுநோயும் குடும்பத்தில் இருந்தால், தோல் வைத்தியரிடம் காலைக் காட்டும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு 30 வயதளவிலிருந்து 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கமராப் பரிசோதனை (எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியே கமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) பரிந்துரைக்கப்படுகிறது.

இரண்டாவது, சிறுசிறு மரபணு வேறுபாடுகள் பல சேர்ந்து தரும் சாய்வு. ஒருவரின் உடல் புகையிலை நஞ்சை மெதுவாகக் கழிக்கும், இன்னொருவரின் உடல் வேகமாகக் கழிக்கும். ஒருவரின் உணவுக்குழாய் அடிவாய் இறுக்கமாக மூடும், இன்னொருவருக்குத் தளரும். நெஞ்செரிவு நோயில் மரபணுவின் பங்கு ஏறத்தாழ மூன்றிலொன்று முதல் ஐந்தில் இரண்டு என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டின. பரெற் அல்லது சுரப்பிக் கலப் புற்றுநோய் உள்ளவர்களுள் நெருங்கிய உறவிலும் அதே நோய் உறுதிப்பட்டவர்கள் ஏறத்தாழ 7 வீதம். எஞ்சிய 93 வீதத்தினருக்கு அப்படி ஒரு குடும்ப வரலாறே இல்லை.

மூன்றாவது, ஒரே வீட்டு வாழ்க்கை. ஒரே அடுப்பு, ஒரே கிணறு, ஒரே பழக்கம். இதன் பலம் எவ்வளவு என்பதற்கு, புற்றுநோயோடு சம்பந்தமில்லாத இன்னொரு உணவுக்குழாய் நோயிலிருந்து தெளிவான சான்று உண்டு. ஒவ்வாமை சார்ந்த ஈயோசினோபில் அழற்சி என்ற நோயில், உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 41 வீதம். உருவொவ்வாத இரட்டையரில் 22 வீதம். வெவ்வேறு பிரசவத்தில் பிறந்த சகோதரரில் 2.4 வீதம் மட்டுமே. உருவொவ்வாத இரட்டையருக்கும் சாதாரண அண்ணன் தம்பிக்கும் மரபணுப் பகிர்வு ஒரே அளவுதான். அப்படியிருக்க 22 எங்கே, 2.4 எங்கே? ஒரே கருப்பையில் ஒரே காலத்தில் இருந்து, ஒரே காலத்தில் ஒரே சூழலில் வளர்ந்ததுதான் அந்த இடைவெளியின் பெரும்பகுதி.

"இரண்டு மடங்கு" என்றால் எவ்வளவு

சீனாவிலும் ஈரானிலும் இந்த நோய் மலிந்த பகுதிகளில் செய்த ஆய்வுகளில், தாய், தகப்பன் அல்லது கூடப்பிறந்தவர் ஒருவருக்குச் செதிள் கலப் புற்றுநோய் இருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று கண்டார்கள். பாதிக்கப்பட்ட உறவினர் எண்ணிக்கை கூடக்கூட அதுவும் கூடுகிறது.

இரண்டு மடங்கு என்றதும் நெஞ்சு பதறும். கணக்கு விளங்க ஒரு ஊரை எடுப்போம். அங்கே 1000 பேரில் வாழ்நாளில் 6 பேருக்கு இந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப வரலாறு உள்ள 1000 பேரை எடுத்தால் அது 12 ஆகும். மிச்சம் 988 பேருக்கு வராது. அந்த 12 பேரிலும் பலர் வெற்றிலையும் புகையிலையும் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். குடும்ப வரலாற்றோடு புகைத்தலும் குடியும் சேரும்போதுதான் எண்கள் பயங்கரமாக ஏறுகின்றன. புகையும் மதுவும் தனித்தனியாகத் தரும் ஆபத்தைக் கூட்டினால் வருவதைவிட, இரண்டும் சேர்ந்து தரும் ஆபத்து பெரிது.

வெற்றிலைத் தட்டம் கைமாறும் வழி

வன்னியில் குடும்பத்தில் ஓடும் முதற் சந்தேக நபர் மரபணு அல்ல, வெற்றிலைத் தட்டம். ஒரு வாய் வெற்றிலையைப் பிரித்துப் பாருங்கள்: வெற்றிலை, பாக்குவெட்டியால் சீவிய பாக்கு, விரல்நுனியில் எடுத்துப் பூசிய சுண்ணாம்பு, கிள்ளிப்போட்ட ஒரு துண்டுப் புகையிலை. பாக்கு தனியாகவே மனிதரில் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. "நான் போயிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தான்" என்பது பாதுகாப்பு ஆகாது. புகையிலை இல்லாத வெற்றிலையும் உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு தொடர்புடையது என்பதே அந்த முகவரகத்தின் முடிவு. சுண்ணாம்பு பாக்கிலுள்ள காரப்பொருட்களைப் பிரித்தெடுத்து, கலங்களைத் தாக்கும் வேதிமாற்றங்களை வேகப்படுத்துகிறது.

சாற்றைத் துப்புபவருக்கு வாயும் கன்னமும் முதலில் அடிபடும். விழுங்குபவருக்கு அதே சாறு உணவுக்குழாய் முழுவதும் வடிந்து போகிறது. பல்லுப்போன அம்மம்மா உரலில் இடித்துப் போடும் வெற்றிலையில் எல்லாம் மசிந்திருப்பதால் விழுங்குவதும் சுலபம். இலங்கையில் வெற்றிலை சப்புதலுக்கும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வு 1970 இலேயே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளிவந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் செத்தவீட்டு வாசலில் வெற்றிலைத் தட்டத்தை முதலில் நீட்டுகிறோம் என்பது வேதனையான விடயம்.

இப்போது ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்யுங்கள். அம்மம்மா வெற்றிலை போட்டார். பக்கத்தில் இருந்து இடித்துக்கொடுத்த மகள் பதினாறு வயதில் பழகினார். அவருடைய மகள் நாற்று நடும்போது பசி தெரியாமல் இருக்கப் பாக்குப் போட்டார். அம்மம்மாவுக்கும் அம்மாவுக்கும் புற்றுநோய் வந்தால், தாய்வழியில் இரத்தத்தோடு ஓடும் நோய் போலத்தான் தெரியும். உண்மையில் தலைமுறை தாண்டி வந்தது தட்டம். ஆண்கள் பக்கத்தில் பீடி, சாராயம், கசிப்பு இதே வேலையைச் செய்கின்றன.

கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடிப்பதும் வீட்டுப் பழக்கமே. 65 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களை அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியவை என்று அதே முகவரகம் 2016 இல் வகைப்படுத்தியது. ஈரானின் கோலஸ்தான் பகுதி ஆய்வில், ஊற்றி 2 நிமிடத்துக்குள் குடித்தவர்களின் ஆபத்து, 4 நிமிடமாவது பொறுத்தவர்களோடு பார்க்கையில் ஏறத்தாழ 5 மடங்காக இருந்தது. இரண்டு கோப்பையில் மாற்றி ஆற்றிக் குடித்தால் போதும். செலவில்லாத வேலை இது.

உறவுமுறைச் சொல்லால் வரும் பிழை

கிளினிக்கில் "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்று கேட்பார்கள். நமது உறவுமுறைச் சொற்கள் இங்கே காலை வாரும். சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பியாகவும் இருக்கலாம், சின்னம்மாவின் கணவராகவும் இருக்கலாம். முன்னவர் இரத்த உறவு. பின்னவரோடு மரபணுத் தொடர்பு இல்லை. மாமி என்றால் அப்பாவின் சகோதரியா, அம்மானின் மனைவியா, மனைவியின் தாயா? ஒன்றுவிட்ட அண்ணனையும் "அண்ணா" என்றே சொல்லிவிடுவோம். வைத்தியர் அதைக் கூடப்பிறந்தவர் என்று எழுதிவிடுவார்.

வைத்தியருக்கு வேண்டியது இந்தக் கணக்கு: பெற்றோர், கூடப்பிறந்தவர், பிள்ளைகள் முதல்நிலை, மரபணுவில் பாதி பொது. அம்மம்மா, அப்பப்பா, பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள் இரண்டாம்நிலை, காற்பங்கு பொது. இரத்த உறவான மச்சான், மச்சாள் (மாமன், மாமியின் பிள்ளைகள்) மூன்றாம்நிலை, எட்டில் ஒன்று. ஆகவே "மாமி" என்று சொல்லாமல் "அப்பாவின் கூடப்பிறந்த அக்கா" என்று சொல்லுங்கள்.

வன்னிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்த நோய் பெரும்பாலும் 50, 60 வயதைத் தாண்டியே வருகிறது. போரில் 25 வயதில் இறந்த மாமாவுக்கு அந்த வயது வரவே இல்லை. "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை" என்ற விடை, அந்த வயதுக்கு வாழ விடப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் தரும். 2008, 2009 இடப்பெயர்வுகளில் கிளினிக் கொப்பிகளும் மரணச் சான்றிதழ்களும் தொலைந்த வீடுகள் எத்தனையோ. ஆகவே எழுத்தில் இல்லாததை வாயால் கேட்டு எடுக்க வேண்டும். நோயின் பெயரைக் கேட்டால் முதியவர்களுக்குத் தெரியாது. "புற்று", "வயித்துக்கட்டி" என்பார்கள். இப்படிக் கேளுங்கள்:

1. "ஆருக்காவது சோறு இறங்காமல் போனதா? கடைசியில் கஞ்சி மட்டும் குடித்தவரா?" முதலில் இறைச்சியும் பாணும், பிறகு சோறு, பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர் என்று படிப்படியாகத் தடைப்பட்டிருந்தால் அது உணவுக்குழாயாக இருக்க வாய்ப்புக் கூட.
2. அப்போது என்ன வயது? 50 வயதுக்கு முன்னர் வந்திருந்தால் தனியாகக் குறியுங்கள்.
3. வெற்றிலை, பீடி, குடி இருந்ததா? ஒன்றுமே இல்லாதவருக்கு இளவயதில் வந்திருந்தால் மரபணுவின் பக்கம் சந்தேகம் கூடும்.
4. எங்கே மருந்து எடுத்தார்? மகரகமவா, யாழ்ப்பாணமா, தெல்லிப்பழையா? கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் உறவினரிடம் பழைய அறிக்கையின் படம் இருக்கலாம்.

சொந்தத்துக்குள் கலியாணம்

மச்சான் மச்சாள் கலியாணம் இந்த நோயைப் பொதுவாகக் கூட்டுகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒரே பிழையான மரபணு வந்தால் மட்டும் வெளிப்படும் சில அரிய நோய்கள், சொந்தத்துக்குள் மணந்தவர்களின் பிள்ளைகளில் கூடுதலாக வரும். பன்கோனி இரத்தச்சோகை அதில் ஒன்று: சிறுவயதில் இரத்தக் கலங்கள் குறையும், பெருவிரலில் குறைபாடு இருக்கலாம், வளர்ந்தபின் வாய், உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் வரலாம். இன்னொன்று, அழும்போது கண்ணீர் வராத, சாப்பாடு இறங்காமல் சத்தியெடுக்கும் குழந்தை. உணவுக்குழாய் அடிவாய் திறக்காத அகலேசியாவோடு சிறுநீரக மேற்சுரப்பிக் குறைபாடும் சேர்ந்த மரபுநோய் அது. இப்படியான குழந்தையைக் குழந்தைநல வைத்தியரிடம் காட்டும்போது பெற்றோரின் உறவுமுறையை மறைக்கக் கூடாது.

யார், எப்போது கமரா விட்டுப் பார்க்க வேண்டும்

அறிகுறி இல்லாத எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி செய்யும் தேசியத் திட்டம் இலங்கையில் இல்லை. அதனால் யார் கேட்க வேண்டும் என்பது முக்கியம்.

உடனே போக வேண்டியவர்கள், குடும்ப வரலாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும்: விழுங்கும்போது தடைப்படுவது, விழுங்க வலி, காரணமில்லாமல் மெலிவு, இரத்தச் சத்தி, கறுத்த மலம், இரத்தச்சோகை. முதன்முதல் பாண் தொண்டைக்குக் கீழே நின்றதும் பெரும்பாலானோர் தண்ணீர் குடித்து இறக்கிவிட்டுச் சமாளிப்பார்கள். இதுதான் பெரிய பிழை. விழுங்கும்போது 2 சென்ரிமீற்றருக்கு மேல் விரியும் குழாய், 13 மில்லிமீற்றர் அளவுக்கு ஒடுங்கிய பிறகே திண்ம உணவு வழக்கமாகத் தடைப்படத் தொடங்குகிறது. முதற் தடையே பிந்திய செய்தி. குடலைச் சுற்றியுள்ள வெளியுறை உணவுக்குழாய்க்கு இல்லாததால் நோய் பக்கத்து உறுப்புகளுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் சீக்கிரம் பரவும். இரண்டு கிழமை தடை நீடித்தால் காத்திருக்க ஒன்றுமில்லை.

அறிகுறி வரமுன் வைத்தியரோடு பேச வேண்டியவர்கள்: முதல்நிலை உறவில் இருவர் அல்லது கூடுதலானோர் பாதிக்கப்பட்டவர்கள், ஒருவர்தான் என்றாலும் 50 வயதுக்கு முன் வந்திருந்தால் அவரின் பிள்ளைகள், சகோதரர்கள், பல ஆண்டு நெஞ்செரிவோடு, பரெற் அல்லது சுரப்பிக் கலப் புற்றுநோய் உள்ள முதல்நிலை உறவினரும் உள்ளவர்கள். குறிப்பாக 50 வயது தாண்டிய, புகைக்கும், தொப்பை உள்ள ஆண்கள்.

வழி இதுதான்: அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் விடயத்தைச் சொல்லி, வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் ஒன்றின் சத்திரசிகிச்சை அல்லது மருத்துவ கிளினிக்குக் கடிதம் வாங்குங்கள். எழுதிய குடும்ப விபரத்தைக் கையில் கொண்டுபோங்கள். பரிசோதனைக்கு முன் 6 முதல் 8 மணித்தியாலம் வெறும் வயிறு. இரத்தம் உறையாமல் போடும் மாத்திரை, நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தொண்டைக்கு மரக்கப்பண்ணும் மருந்து அடித்து, விரல் தடிப்பிலான குழாயை விடுவார்கள். 5 முதல் 10 நிமிடம். ஓங்காளம் வரும், மூச்சு அடைக்காது.

செதிள் கலப் புற்றுநோயின் ஆரம்பம் வெறும் கண்ணுக்குத் தப்பலாம். அதற்காக அயடீன் கரைசல் தெளித்துப் பார்க்கும் முறை உண்டு. நல்ல கலங்களில் கிளைக்கோஜன் இருப்பதால் அவை கபிலநிறமாகும். பழுதான கலங்கள் நிறம் பிடிக்காமல் வெளிறி நிற்கும். அந்த இடத்தில் துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். அயடீன் ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள். பரெற் என்று வந்தால், கலங்கள் மேலும் மாறாத நிலையில், அதன் நீளத்தைப் பார்த்து 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கச் சொல்வார்கள்.

மாத்திரையும் அறிக்கையும்

குடும்ப வரலாறு உள்ளவர் நெஞ்செரிவுக்குப் பாமசியில் ஒமிப்பிரசோல் வாங்கி மாதக்கணக்காகப் போடுவது ஆபத்தானது. மருந்தில் பிழையில்லை, அது எரிவை ஆற்றி, உள்ளே நடப்பதை மறைத்துவிடும். எட்டுக் கிழமை போட்டும் மாறாவிட்டால், அல்லது நிறுத்தியதும் திரும்ப வந்தால், கடைக்குப் போகாமல் கிளினிக்குப் போங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் 2 முதல் 3 மணித்தியாலம் விடுவதும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கல் வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துவதும் உதவும். தலையணையை மட்டும் அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு நசுங்கும். அமிலம் கூடத்தான் ஏறும்.

புற்றுநோய்த் துண்டின் அறிக்கையில் "மரபணு மாற்றம்" என்று இருந்தால் பிள்ளைகள் கலங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கட்டியின் கலங்களில் மட்டும், வாழ்நாளில் பின்னர் உண்டான மாற்றம். அது பிள்ளைக்குப் போவதில்லை. பிறப்பிலேயே வந்த மாற்றமா என்று அறிய இரத்தத்தில் அல்லது உமிழ்நீரில் வேறு பரிசோதனை வேண்டும்.

அந்த அறிக்கையில் பிள்ளைகளுக்கு உண்மையில் வேண்டியது மூன்று வரி: செதிள் கலமா சுரப்பிக் கலமா, பல்லிலிருந்து எத்தனை சென்ரிமீற்றரில் கட்டி, கண்டுபிடித்தபோது நோயாளியின் வயது. நோயாளி உயிரோடு இருக்கும்போதே கேட்டு ஒரு பிரதி எடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் கிளினிக் கொப்பியிலும் ஒட்டிவிடுங்கள்.